ஏழாம் இலக்கத் தாள்

நவம்பர் 5, 1991. செவ்வாய்

உடுப்பு அலுமாரிக்குள் இருந்து எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டு, குளிர்க் கோட்டுகளுக்குப் பின்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்தால் டோர்ச் வெளிச்சம் வெளியே தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினால் கெரி என்றைக்காவது படித்துவிடுவாள். தமிழில் எழுதினால் அம்மா படிப்பார். அம்மா என் கணக்குக் கொப்பியைத் திறக்கமாட்டார் என்பதால் அதன் பின்பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன்.

இன்று வகுப்பில் மிஸ்டர் ஓல்ட்ஃபீல்ட் ஒரு வெறும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் சீட்டுகள் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சீட்டிலும் இந்த ஊரில் முன்பு வாழ்ந்த ஒருவரின் பெயர். டிசம்பர் மூன்றாம் திகதி எல்லோரும் பத்து நிமிஷம் பேசவேண்டும். எனக்கு வந்தது எட்மண்ட் கார்ஸ்லி. இங்கிலாந்தில் இருந்து கனடாவுக்கு வந்த கட்டடக் கலைஞர். எங்கள் ஊர் நகரமண்டபத்தை வடிவமைத்தவர் அவர்தான்.

கெரி டூலன் என் பக்கத்தில் இருப்பவள். இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அவள் ஒருத்திதான். அவள் பேசுவதை என் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்: "உனக்கென்னடி சுகிர்தா, வீட்டை போய் அப்பாட்டைக் கேட்டால் முடிஞ்சுது."

மிஸ்டர் ஓல்ட்ஃபீல்ட் கேட்டுவிட்டார். "உன் அப்பா கட்டடக் கலைஞரா? மூன்றாம் திகதி வந்து பேசுவாரா?"

அவருக்கு நேரமே இல்லை சேர் என்றேன்.

அப்பா நகரமண்டபத்தில் வேலை செய்வது உண்மை. யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் இருபத்தொரு வருஷம் படவரைஞராக இருந்ததும் உண்மை. செப்டெம்பரில் கெரி கேட்டபோது இரண்டையும் ஒட்டிச் சொன்னேன். நடுவில் இருக்கிற தும்புத்தடியையும் வாளியையும் விட்டுவிட்டேன்.

நவம்பர் 9. சனி

நகரமண்டபத்தின் கீழ்த்தட்டில் நூலகம். மேல்மாடியில் மிஸஸ் பெல்லமியின் ஆவண அறை. அவர் எனக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை தந்தார். கார்ஸ்லியின் பேத்தி இறந்தபின் அவருடைய பெட்டி இந்த வருஷம்தான் வந்ததாம். கடிதங்கள், கணக்குகள், பதினான்கு கட்டட வரைபடங்கள். வரைபடங்களுக்கு இலக்கம் மட்டும் போட்டிருக்கிறார், இன்னும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கவில்லையாம். இரண்டை எனக்கு விரித்துக் காட்டினார். கடதாசி என்று நினைத்தேன். இல்லை, துணி. மெல்லிய நீலத் துணி, மேலே ஏதோ பூசிப் பளபளக்கிறது. மறுபக்கம் கை வைத்தால் விரல் நிழலாகத் தெரிகிறது.

கார்ஸ்லியின் தகப்பன் தச்சர். பதினாறு வயதில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, பிறகு லண்டனில் வேறொருவருக்காகப் பதினொரு வருஷம் படம் கீறியிருக்கிறார். அவர் கீறிய கட்டடங்களில் அவர் பெயர் இல்லை. 1872இல் மனைவியோடும் இரண்டு பெட்டிகளோடும் கப்பல் ஏறினார். இங்கே வந்ததும் பத்திரிகையில் போட்ட விளம்பரத்தில் 'லண்டன் கட்டடக் கலைஞர்' என்று இருக்கிறது. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன்.

முதலில் மாட்டுக் கொட்டகைகளும் ஒரு பாலமும். 1879இல் நகரமண்டபப் போட்டியில் வென்றார். கட்டடம் 1881 இலையுதிர் காலத்தில் திறந்தது. அடுத்த பெப்ரவரியில் பனி உருகியபோது கூரையால் தண்ணீர் இறங்கி, கூட்டத்தில் இருந்த நகரசபைக்காரர் எல்லோர் தலையிலும் கொட்டியது. வரைபடத்தில் பிழையில்லை, கட்டிய ஒப்பந்தக்காரர்தான் சரியாகக் கட்டவில்லை என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு கார்ஸ்லி முப்பது கட்டடங்கள் வரைந்து, 1911இல் பெரிய மனிதராக இறந்தார். வாசலில் அவருக்கு வெண்கலப் பலகை இருக்கிறது.

கட்டியவர் மைக்கேல் டூலன். கெரியின் தாத்தாவுக்குத் தாத்தா. அவருக்கு அதன்பிறகு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. இந்த ஊரில் எங்கே தண்ணீர் ஒழுகினாலும் இன்றைக்கும் "டூலனைக் கூப்பிடுங்கள்" என்பார்கள்.

நவம்பர் 13. புதன்

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். அப்பா ஐந்து மணிக்கு வேலை தொடங்குவார். இன்று ஐந்தரைக்குக் கெரி புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தாள். அப்பா அப்போதுதான் வாசற்பக்கத்தைத் துடைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் தடியை நிறுத்திவிட்டு, தன் ஆங்கிலத்தில், "மெதுவா வாங்கோ பிள்ளை, நிலம் ஈரம்" என்று சிரித்தார்.

கெரி என்னிடம் வந்து, "ஆர் அந்த மனிசன்? நல்ல மனிசன் போலை" என்றாள்.

"இங்கை நிலம் கூட்டுறவர்" என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் அப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும்.

அவர் வாளியைத் தள்ளிக்கொண்டு மற்றப் பக்கம் போனார். அதன் ஒரு சில்லு கீச்சிடும். போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பர் 14

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

நவம்பர் 16. சனி

மிஸஸ் பெல்லமிக்குக் காய்ச்சல். ஆவண அறை மூடியிருந்தது. எனக்கு ஒரு வரைபடமாவது பெரிதாகப் பிரதி எடுத்து ஒட்டவேண்டும். கட்டடக் கலைஞரின் மகள் வெறும் எழுத்தோடு போய் நின்றால் என்ன நினைப்பார்கள்?

சனி பின்னேரம் நூலகம் பூட்டியபின் அப்பா எல்லா அறைகளையும் திறந்து தூசி உறிஞ்சுவார். அவர் படிக்கட்டுக்குப் போன நேரத்தில் நான் ஆவண அறைக்குள் போனேன். மேசையின் கீழ் லாச்சியை இழுத்து, கைக்குக் கிடைத்த முதல் சுருளை எடுத்தேன். ஏழாம் இலக்கம். கோட்டுக்குள் வைத்து, கையை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். பேருந்தில் அப்பா, "குளிருதோ?" என்று கேட்டுத் தன் கம்பளிச் சால்வையை எனக்குச் சுற்றிவிட்டார்.

புதன்கிழமை கொண்டுபோய் வைத்துவிடுவேன். இது எடுத்தல் அல்ல, இரவல்.

நவம்பர் 17. ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் பூசைக்குப் போனதும் குசினி மேசையில் விரித்தேன். ஏழாம் இலக்கம் கூரையின் படம். இரண்டு கூரைகள் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் ஓடுகிற பீலி. வலது கீழ் மூலையில் அதே பீலியைப் பெரிதாக்கிக் கீறி, பக்கத்தில் மிகச் சின்ன எழுத்தில் மூன்று வரி. கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டேன். தமிழில் இது:

"இந்தப் பீலி என் வரைவு. இவ்வூர்ப் பனியை நான் அறிந்திருக்கவில்லை, பிழை என்னுடையது. எம். டூலன் வரைந்தபடியே கட்டினார். ஈ.சி., மார்ச் 1882."

நூற்றுப்பத்து வருஷமாக ஒருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். கெரிக்கு இதைக் கொடுப்பேன். அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

கார்ஸ்லி இதை எழுதிவிட்டுச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். வெளியே சொல்லவில்லை.

பிறகு ஒரு சின்ன விஷயம் நடந்தது. அது சரியாகிவிடும்.

நவம்பர் 18. திங்கள்

சரியாகாது.

சொதி ஊற்றிச் சாப்பிட்டேன். மேசையிலேயே சாப்பிட்டேன். வரைபடத்தைச் சுருட்டி வைக்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டேன். அகப்பையில் இருந்து சிந்தியது. சரியாக அந்த மூலையில், மஞ்சளாக.

உடனே பாத்திரம் துடைக்கிற துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். துணிதானே, துணியைத் துடைத்தால் போகும் என்று நினைத்தேன். அந்த இடம் வெள்ளையாகிக் கூழ் போல ஆனது. நீலம் போனது. பளபளப்புப் போனது. கோடுகள் போயின. மூன்று வரியும் போய்விட்டன. பாத்திரத் துணியில் கறுப்பாக வந்தன.

இன்று பின்னேரம் அப்பா குசினியில் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன கறுப்பு?"

"பேனை மை."

அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். "மா மாதிரி ஒட்டுது" என்றார். மறுபடி கொடியில் போட்டார். நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 20. புதன்

மிஸஸ் பெல்லமி சுகமாகி வந்துவிட்டார். ஏழு மணிவரை அறையைவிட்டு அசையவில்லை. சுருள் என் மெத்தைக்குக் கீழேயே இருக்கிறது. புரண்டு படுக்கப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 21. வியாழன்

பதின்மூன்றுதான் இருக்கிறது என்று மிஸஸ் பெல்லமி கண்டுவிட்டார். அறைப் பூட்டின் திறப்பு இருப்பது இரண்டு பேரிடம். ஒன்று அவர், மற்றது அப்பா. அப்பாவின் துப்புரவுக் கம்பனி மேலாளர் வந்து திறப்புக் கோர்வையை வாங்கிக்கொண்டு, விசாரித்து முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த கிழமைக்குள் கிடைக்காவிட்டால் பொலீசுக்கு அறிவிப்பார்களாம்.

ஜனவரி பதினான்காம் திகதி எங்கள் அகதி வழக்கு. எங்களை இந்த நாட்டில் இருக்கவிடுவதா என்று அன்றைக்குத்தான் தீர்ப்பார்கள். பொலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான் எடுக்கேல்லை எண்டு சொன்னன்."

"ஆர் எடுத்தது எண்டு கேக்கேல்லையே?"

"கேட்டவை. தெரிஞ்சால் சொல்லுறன் எண்டன்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தார். நான் தலையிடி என்று சொல்லி அறைக்குள் வந்துவிட்டேன்.

நவம்பர் 22

வரைபடம் காணாமல்போனது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கெரி: "உன்ரை அப்பாவும் அந்தக் கட்டடத்திலை தானே. ஆர் எடுத்தது எண்டு அவருக்குத் தெரியாதோ?"

தெரியாது என்றேன்.

நவம்பர் 24. ஞாயிறு

காலையில் அப்பா குசினி மேசையைக் கழுவி, காயவிட்டு, அதன்மேல் வெள்ளைத் தாள் விரித்தார். பிறகு அலுமாரியின் மேலிருந்து ஒரு தட்டைப் பெட்டியை எடுத்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு, கொழும்பில் இருந்து இங்கே, அம்மாவின் தாலிக்கொடியோடு ஒரே பையில் வந்த பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டில் பேனாக்கள். இரண்டு இதழும் நடுவில் திருகாணியும் உள்ள, கோடு போடுகிற பேனாக்கள்.

"எடுத்துக்கொண்டு வா" என்றார்.

நான் அசையவில்லை.

"பாத்திரத் துணியைப் பாத்த அண்டைக்கே விளங்கீட்டுது. அது ட்ரேசிங் துணி. கஞ்சி போட்டு மினுக்கின துணி. வேர்வை பட்டாலே வெள்ளையாப் போகும். நாங்கள் கைக்குக் கீழை கடதாசி வைச்சுத்தான் கீறுறது." கொஞ்சம் பொறுத்து, "நீயாக் கொண்டு வருவாய் எண்டு ஆறு நாள் பாத்தன்" என்றார்.

நான் கொண்டுவந்து விரித்தேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். திட்டவில்லை. "அடடா, என்ன கை இந்த மனிசன்ரை கை" என்றார். அதைக் கேட்டபோது திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

"உன்ரை டோர்ச்சைக் கொண்டு வா."

எந்த டோர்ச் என்று கேட்கத் துணிவில்லை. கொண்டுவந்தேன். யன்னல் சேலையை இழுத்துவிட்டு, டோர்ச்சைத் துணியோடு படுக்க வைத்துப் பிடிக்கச் சொன்னார். அப்போது வெள்ளையாய்ப் போன இடத்தில் முடி போன்ற கோடுகள் தெரிந்தன.

"மை போனாலும் பேனைக் கூர் போன தடம் கிடக்கு. பார்."

அம்மா அரிசிக் கஞ்சி காய்ச்சினார். பருத்திச் சேலைக்குப் போடுவதைவிட நீர்த்த கஞ்சி. அப்பா அதைத் தூரிகையால் படம் இருந்த இடத்தில் மட்டும் பூசி, காய்ந்ததும் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து மினுக்கினார். எழுத்து இருந்த இடத்தில் தூரிகை படவில்லை. பிறகு நான் டோர்ச்சைப் பிடிக்க, தடத்தின் மேல் தடமாகக் கோடு போட்டார். மூச்சை அடக்கிக் கோட்டை இழுத்து, முடிந்ததும்தான் மூச்சுவிட்டார். வாளி தள்ளுகிற கை என்று ஒருவரும் சொல்லமுடியாது. எனக்குப் பதினான்கு வயது. இதை நான் பார்த்ததே இல்லை.

"எங்கை பிழை விட்டவர் எண்டு தெரியுதோ? பீலி ஒரு சாண் அகலந்தான். அங்கை லண்டன் மழைக்கு அது காணும், ஓடீடும். இஞ்சை வாறது ஓடாது. வந்து குந்தியிருக்கும்." சிரித்தார். "வந்த புதுசு. நானும் முதல் மாரிக்கு வாசல் படியைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினனான். அது உறைஞ்சு ஐஸாப் போச்சு, மேலாளர் வழுக்கி விழுந்து ரெண்டு கிழமை நொண்டினவர்."

அம்மாகூடச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காகவும் வெட்கமாக இருந்தது.

நாலு மணிக்குப் பீலி பழையபடி இருந்தது. நான் கொப்பியைத் திறந்து காட்டினேன்.

"அப்பா, எழுத்தையும் எழுதிவிடுங்கோ. ஒரு சொல்லும் பிசகாமல் பாத்து எழுதி வைச்சிருக்கிறன். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் வாசித்தார். மெதுவாக இரண்டாம் தரமும் வாசித்தார்.

"இது ஏலாது பிள்ளை. கோடு ஆர் கீறினாலும் கோடுதான். இது அந்த மனிசன் தன்ரை பிழையைத் தான் சொன்னது. அதுக்கு மேலை நான் மை வைக்கக்கூடாது."

மூலையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி எழுதினார். 'இம்மூலைக் கோடுகள் மீண்டும் வரையப்பட்டன. வி.கே., 24.11.91.' படத்தில் கை வைத்தவர் தன் பெயரும் திகதியும் போடாமல் விடக்கூடாதாம். போடாவிட்டால் அது கள்ளப் படமாம்.

அம்மா, "உங்கடை பேரைப் போட்டால் நீங்கள்தான் எடுத்தது எண்டெல்லோ சொல்லுவினம்? தை மாசம் மட்டும் பொறுங்கோவன், வழக்கு முடியட்டும்" என்றார்.

"முடிஞ்ச பிறகு குடுத்தால் அது களவு." அப்பா பேனாவைத் துடைத்து, புது மை தொட்டு, காம்பு என் பக்கம் வரும்படி நீட்டினார். "கீறினதுக்கு நான் பேர் போட்டிட்டன். நனைச்சதுக்கு ஒரு வரி வேணும்."

நான் வாங்கவில்லை. மை காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கழுவிப் பெட்டியில் வைத்து மூடினார்.

நவம்பர் 25

சுருள் மேசையில் இருக்கிறது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

நவம்பர் 26

இன்றும் இருக்கிறது. அம்மா அதைச் சுற்றித் தட்டுகளை வைத்தார்.

நவம்பர் 27. புதன்

உடற்பயிற்சி மண்டபக் கூரையில் இருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பையன்கள் எல்லோரும் சேர்ந்து, "டூலனைக் கூப்பிடுங்கோ, டூலனைக் கூப்பிடுங்கோ" என்றார்கள். கெரி எழுந்து, கையைக் குவித்துத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி நடித்துக் குனிந்து வணக்கம் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு கழுவுமிடத்தில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள்.

"நூத்திப்பத்து வருசம்" என்றாள். "என்ரை அப்பா பல்லு டொக்டர். அவர் பல்லு அடைச்சுவிட்டாலும் ஒழுகுமோ எண்டு கேக்கிறாங்கள். நானும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கவேணும், என்ன."

என் கொப்பி என் கையில் இருந்தது. அந்த மூன்று வரியும் அதற்குள் இருந்தது. நான் அவளுக்குக் கைதுடைக்கிற கடதாசி எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 28. வியாழன்

காலையில் அப்பாவிடம் பேனா கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் கைக்குக் கீழே ஒரு கடதாசி வைத்தார். நான் எழுதினேன்: 'இம்மூலையை நனைத்துக் கெடுத்தது சுகிர்தா குலசேகரம், 17.11.91.' என் எழுத்து அவருடைய எழுத்துக்குக் கீழே கோணலாக இருக்கிறது.

"நானும் வரட்டே?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். வாசல்வரை வந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் மிஸஸ் பெல்லமியின் அறைக்குப் போனேன். சுருளை மேசையில் வைத்தேன். எடுத்தது நான் என்றேன். அவர் விரித்து, கண்ணாடியைப் போட்டு மூலையைப் பார்த்தார்.

"வி.கே. யார்?"

"என் அப்பா."

"அவர் என்ன செய்கிறார்?"

"இங்கே கூட்டுகிறார். நீங்கள் சந்தேகப்பட்டது அவரைத்தான்."

"நீ என்னிடம் கேட்டிருந்தால் இந்த மேசையும் பென்சிலும் தந்திருப்பேன்" என்றார். கத்தவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் கேட்கவே இல்லை. ஒருவரிடமும் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் செய்திருக்கிறேன்.

மூன்று வரியைப் பற்றிச் சொன்னேன். கொப்பியைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு மூடினார்.

"திருடிய பிள்ளையின் கொப்பி இது. இதை வைத்து நான் ஒன்றும் சொல்லமுடியாது."

நான் பையில் இருந்து டோர்ச்சை எடுத்தேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். அப்பா பிடிக்கச் சொன்னதுபோலத் துணியோடு படுக்க வைத்துப் பிடித்தேன். அப்பா மை வைக்க மறுத்த இடத்தில், கீறல் கீறலாக, பாதி எழுத்துகள் எழுந்தன. 'என் வரை'. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு 'பிழை'. கடைசியில் 'எம். டூலன் வரைந்தப'.

மிஸஸ் பெல்லமி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "இதன் மேல் அவர் எழுதியிருந்தால் இதை ஒருவரும் நம்பமாட்டார்கள்" என்றார்.

டிசம்பர் 3. செவ்வாய்

பத்து நிமிஷம் பேசினேன். தச்சர் மகனில் தொடங்கி வெண்கலப் பலகைவரை. லண்டன் கட்டடக் கலைஞர் என்று போட்டவர் லண்டனில் படவரைஞர் என்பதைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது நிறுத்தி, என் அப்பாவும் படவரைஞர், இப்போது நகரமண்டபத்தைக் கூட்டுகிறவர், நான் பொய் சொன்னேன் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பீலியையும் மூன்று வரியையும் சொல்லி, அதைக் கழுவியது நான் என்றும் சொன்னேன்.

கெரி என்னைப் பார்க்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து, "எல்லாம் பதினேழாந் திகதியிலை இருந்து தெரியும் உனக்கு" என்றாள். "கழுவுமிடத்திலை நிக்கேக்கையும் தெரியும்."

ஓம் என்றேன்.

அவள் கோட்டுகூடப் போடாமல் நகரமண்டபப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போகவில்லை.

டிசம்பர் 6. வெள்ளி

பொலீஸ் இல்லை. எடுத்தது அப்பா அல்ல என்று மிஸஸ் பெல்லமி கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியை அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறார். அப்பா அதை வழக்குக் கோப்பில் வைத்தார். ஆனால் நகரமண்டபம் இனி அப்பாவுக்கு இல்லை. ஊரின் மறுமுனையில் உள்ள தக்காளியை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறவேண்டும். என்னால்தான். அப்பா சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

டிசம்பர் 11. புதன்

அப்பா காலையில் வேலைக்குப் போகும்போது தேநீர்ப் போத்தலை விட்டுவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே கொண்டுபோவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பேருந்துத் தரிப்பில் கெரி நின்றாள். எட்டு நாளாக என்னோடு பேசாதவள்.

"அந்த எழுத்தைப் பாத்தனான்" என்றாள். "அப்பாவும் வந்து பாத்தவர். டோர்ச்சை அணைச்சு அணைச்சு மூண்டு தரம் பாத்தவர். பிறகு நான் பிடிச்சன்."

நான் போத்தலை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"உன்னிலை எனக்கு இன்னும் கோவந்தான்."

"ஓம்."

"அது எங்கை கொண்டு போறாய்?"

சொன்னேன். பேருந்து வந்ததும் அவளும் ஏறினாள். பக்கத்தில் இருக்கவில்லை, முன் இருக்கையில் இருந்தாள். நான் இறங்கினபோது அவளும் இறங்கினாள்.

தொழிற்சாலை அலுவலகத்து நீண்ட நடையில் அப்பா துடைத்துக்கொண்டு நின்றார். புது வாளி, சில்லு கீச்சிடவில்லை. எங்களைக் கண்டதும் தடியை நிறுத்தினார். கெரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ போலக் குனிந்து மற்றப் பக்கம் துடைக்கத் தொடங்கினார். எனக்காக.

"கெரி, இது என்ரை அப்பா" என்றேன். நடை முழுக்கக் கேட்டது.

அவர் நிமிர்ந்தார். கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"மெதுவா வாங்கோ பிள்ளையள்" என்றார். "நிலம் ஈரம்."